கொழுந்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் சாலையில், குன்னூர் பாதை பிரிகிற இடம் கட்டபெட்டு. பிற்பகலில் அங்கே சற்று நேரம் நின்றாலே போதும், ஊரின் பிழைப்பு என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பசுந்தேயிலை மூட்டைகள் தலைச்சுமையாகவும் ஜீப்பிலும் பிக்கப் வண்டியிலும் வந்துகொண்டே இருக்கும். கொள்முதல் செய்யும் இடத்தில் மூட்டையைக் கொக்கியில் மாட்டுவார்கள். தராசின் எண் ஆடி நிற்கிற அந்த இரண்டு விநாடி, கொண்டுவந்தவரின் கண் வேறெங்கும் போகாது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து, மிச்ச எடையை நோட்டில் எழுதித் தருவார்கள். அன்றைய வியாபாரம் முடிந்தது.

என்ன விலைக்கு விற்றோம் என்பது மட்டும் அப்போது தெரியாது. ஏலத்தில் தேயிலைத்தூள் போகும் விலையை வைத்துத்தான் பசுந்தேயிலையின் மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் கணக்கிடுகிறது. தூள் விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். ஆக, சரக்கை முதலில் கொடுத்துவிட்டு, விலையைப் பிறகு தெரிந்துகொள்கிற முதலாளிகள் இவர்கள். ஆம், முதலாளிகள்தான். அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ, தோட்டம் சொந்தம், ஆள் கூலி சொந்தப் பொறுப்பு, உரச்செலவும் நஷ்டமும் சொந்தம். சிறுதொழில் என்றதும் நம் மனதில் வரும் ஷட்டர் போட்ட கடைதான் இல்லை.

வேலை நேரம் பற்றி நாடே வாதாடி ஓய்ந்த காலம் இது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியாகி, ஞாயிற்றுக்கிழமையும் வம்பில் மாட்டிக்கொண்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் கையில் எடுத்தது ஒரே தராசு: ஒரு தட்டில் வேலை, மறு தட்டில் வாழ்க்கை, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது நியாயமான கோரிக்கை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகெங்கும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. இது விளையாட்டான விஷயம் இல்லை.

ஆனால், அந்தத் தராசைக் கட்டபெட்டுக்குக் கொண்டுவந்தால் மாட்டக் கொக்கி கிடைக்காது.

காரணம், கொழுந்தின் கடிகாரம் வேறு. மழை பெய்து வெயில் அடித்து இலை துளிர்த்துவிட்டால், பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் முற்றிவிடும், முற்றிய இலைக்கு மதிப்பில்லை. பறித்ததைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றே ஆலைக்குப் போய், தொட்டியில் பரப்பி, காற்றடித்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட வைக்க வேண்டும். அப்புறம்தான் உருளை, நொதிப்பு, உலர்த்தி எல்லாம். சீசன் மும்முரத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகும், வேலையே இருக்காது. ஒரு மாதம் மூச்சு முட்டும், இன்னொரு மாதம் கை சும்மா இருக்கும். இதில் எதை எதோடு சமன் செய்வது?

இதே ஊர்க்காரர்கள் இன்னொரு சொல்லை அன்றாடம் புழங்குகிறார்கள்: நிதானம். கட்டபெட்டு வனச்சரகப் பகுதியில் காட்டெருமை தேயிலைக்குள் வந்து நிற்பது புதிதல்ல. அது நின்றால் அன்று அந்தப் பக்கம் பறிப்பு இல்லை. விரட்டப் போகாமல் வேறு சரிவுக்கு நகர்ந்துவிடுவதே அறிந்தவர் வழக்கம். வேலை நேரத்தை அளக்கிற கேள்வியைவிட, எது நடந்தாலும் நம் தொழில் பதறாமல் இருக்கிறதா என்ற கேள்வி சிறுதொழில்காரருக்குப் பொருத்தமானது. பதற்றம் பெரும்பாலும் மூன்று வாசல் வழியாக வருகிறது: கடன், ஒரே வருமானம், சக்திக்கு மீறிக் கொடுத்த வாக்கு. இந்த மூன்றையும் ஒழுங்கு செய்யாதவர், மாலை ஆறு மணிக்கே கடையைச் சாத்தினாலும் இரவு தூங்க மாட்டார்.

நீலகிரியின் வரலாறே இதற்குச் சாட்சி. இங்கே வாழும் படுகர் சமூகத்தின் கிராமங்களில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்குதான் காசுப்பயிர். 1961-இல் ஊட்டியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. நிலத்துக்குள் முட்டைக்கூடாகப் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிற புழு அது. கிழங்கை நம்பி இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைக்கு மாறினார்கள். 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அத்தகைய ஆலைகளின் கூட்டமைப்பாக இன்கோசர்வ் உருவானது. இன்று கட்டபெட்டு ஆலை உட்பட 16 ஆலைகள், சுமார் 30 ஆயிரம் சிறு விவசாயிகள் அதன் குடையின் கீழ். ஒருவரால் கட்ட முடியாத ஆலையைப் பலர் சேர்ந்து வைத்திருப்பது, தனி ஆளின் பதற்றத்தைப் பங்குபோட்டுக்கொள்கிற ஏற்பாடுதான்.

ஆனாலும் கூட்டுறவால் உலகச் சந்தையைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. நீலகிரித் தேயிலையை அள்ளி வாங்கிய சோவியத் யூனியன் 1991-இல் உடைந்தது. 1998 வாக்கில் நல்ல விலை கண்ட பசுந்தேயிலை, 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பாதிக்கும் கீழே சரிந்தது. விலை ஏறிய நாளில் அது என்றைக்கும் நிற்கும் என்று எண்ணிக் கடன் வாங்கியவர்கள் நிலை ஒன்று. இரண்டு வரிசை கேரட்டும் பூண்டும் ஒரு கறவை மாடும் விடாமல் வைத்திருந்தவர்கள் நிலை வேறு. நிலம் அதே நிலம், உழைப்பும் அதே உழைப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிதானமாக இருங்கள் என்பதை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய் மூடி இருங்கள் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. கட்டுபடியாகும் விலை கேட்டு 2023 செப்டம்பரில் படுகர் கிராமங்களில் தொடர் உண்ணாவிரதம் நடந்தது. உற்பத்திச் செலவுக்கே காணாத விலையில் எந்த மனிதரும் அமைதி காண முடியாது. அந்தப் போராட்டம் நூற்றுக்கு நூறு நியாயம்.

மலையின் இன்னொரு முகத்தில் சுற்றுலாவை நம்பிய சிறுதொழில்கள். வீட்டில் செய்யும் சாக்லேட், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி, தைல பாட்டில், தங்கும் அறை என எல்லாவற்றுக்கும் ஏப்ரல், மே மாதங்களே உயிர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு அது தேவைதான். இரண்டே மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத வாடகையைக் கட்ட வேண்டியவருக்கோ அடிவயிறு கலங்கியது. கடையடைப்பும் நடந்தது. இதற்கு மாறாக, பக்கத்துக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் வளர்ந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனம், தேனையும் காட்டுப் பொருள்களையும் சீசன் கூட்டத்தை மட்டும் நம்பாமல் வெளியூர்களுக்கும் விற்கிறது. பழங்குடியினரே பங்குதாரர்களாக 2013-இல் தொடங்கிய ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு பெற்றது. தேன் எப்போது கிடைக்குமோ அப்போதுதான் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டு கட்டிய தொழில்கள் இவை.

வாக்கு விஷயத்துக்கு வருவோம். ஜப்பானின் கியோத்தோ நகரில் அகேமி நகமுரா 2012-இல் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். பெயர் ஹ்யாகுஷொகுயா, நூறு சாப்பாட்டுக் கடை என்று பொருள் கொள்ளலாம். நாளொன்றுக்கு 100 சாப்பாடு, மதியம் மட்டும். தீர்ந்தால் கடை மூடும். வாசலில் வரிசை நின்றாலும் நூற்றியொன்றாவது சாப்பாடு இல்லை. ஊழியர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார்கள். 2020-இல் கொரோனா அடித்தபோது சில கிளைகளை மூட நேர்ந்தது, ஆனாலும் கடை பிழைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மயிலாப்பூர் ராயர் மெஸ் பல பத்தாண்டுகளாகச் சின்னஞ்சிறு இடத்தில், காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் மட்டுமே நடக்கிறது. இட்லி, பொங்கல், வடை, காபி எனச் சில பண்டங்கள்தான். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பதை 2019-இல் நாடே அறிந்தது. பாராட்டு வந்தது, எரிவாயு அடுப்பு வந்தது, 2022 அன்னையர் தினத்தில் ஆனந்த் மகிந்திரா கட்டிக்கொடுத்த வீடும் வந்தது. விலையை மட்டும் பாட்டி ஏற்றவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் ஒரு ரூபாய்க்கு விற்க முடியாதுதான். ஆனால் எவ்வளவு போதும் என்பதை வாடிக்கையாளர் கூட்டம் தீர்மானிக்கவில்லை, அவரே தீர்மானித்தார்.

கடன் பக்கம் சட்டத்தின் துணையும் கொஞ்சம் உண்டு. சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நடையாய் நடப்பது சிறுதொழில்காரரின் தீராத தலைவலி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் இருக்கக் காரணம், அவர்களுக்கு வாங்குபவர் ஒரே ஒருவராக இருப்பது.

பதறாமல் தொழில் செய்கிற ஏற்பாட்டைக் கட்டபெட்டுச் சரிவுகளில் கண்ணாலேயே பார்க்கலாம். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்த பகுதியில் சில மாதங்களுக்குக் கொழுந்து இல்லை, காசும் இல்லை. விலை நன்றாக இருக்கிறதே, இந்த வருடம் தள்ளிப்போடுவோம் என்று தோன்றும். தள்ளினால் செடி உயர்ந்து, குச்சியாகி, விளைச்சல் குறையும். விவரம் தெரிந்த விவசாயி தோட்டத்தை நாலைந்தாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டுகிறார். மற்ற பங்குகளில் பறிப்பு நடந்துகொண்டே இருக்கும். எப்போது வருமானம் குறைய வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிடுகிறார்.

டிசம்பர், ஜனவரி வாக்கில் படுகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பா வரும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வெள்ளை உடுத்திய கூட்டம் பேரகணி கிராமத்துக்கு நடக்கும். அந்த நாளில் கொழுந்து காத்திருக்கும்.

கவாத்து செய்த பகுதி பார்க்க மொட்டையாக இருக்கும். முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறக் கட்டைகள், காலடியில் வெட்டிப் போட்ட கிளைகள். அவற்றை யாரும் அள்ளிப் போவதில்லை, மண்ணுக்கு மூடாக்காக அங்கேயே விடுகிறார்கள். சில வாரங்கள் கழித்துக் குனிந்து பார்த்தால், கட்டையின் பக்கவாட்டில் அரிசி முனை அளவு சிவப்பும் பச்சையுமாக மொட்டுகள் தெரியும். பக்கத்துப் பாத்தியில் யாரோ இலை பறித்துக்கொண்டிருப்பார்கள்.