பயிற்சி டைரியில் என்ன எழுதுவது?

நீலசந்திராவில் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் போளூர் பக்கம். அவருடைய மூத்த மகள் சென்னையில் அத்தை வீட்டில் தங்கி, கெமிக்கல் இன்ஜினியரிங்கில் சாண்ட்விச் டிப்ளமா படித்தாள். கடைசிப் பயிற்சிக்கு பொம்மசந்திரா பக்கம் ஒரு ரெசின் தொழிற்சாலையில் இடம் கிடைத்ததால் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தடித்த நோட்டு ஒன்றுடன் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா, மூணு வாரம் ஆயிடுச்சு. டைரியில என்ன எழுதுறதுன்னே தெரியல. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். 'பம்ப் பார்த்தேன்.' 'ரியாக்டர் பற்றித் தெரிந்துகொண்டேன்.' 'பாதுகாப்பு விதிகளைக் கற்றேன்.' பதினெட்டு நாளும் இதே பாட்டுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்பார்வையாளரின் கையெழுத்து மட்டும் தவறாமல் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. 1979-ல் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு ரயில் பணிமனையில் அப்ரண்டீஸாகச் சேர்ந்தபோது நானும் டைரி எழுதினேன். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஞாயிறு மாலை ஒரே மூச்சில், ஒரே மையில் எழுதி முடிப்பேன். ஒரு திங்கட்கிழமை எங்கள் சார்ஜ்மேன் அதை நிதானமாகப் படித்தார். "தம்பி, புதன்கிழமை சக்கரத்தை கிரேன்ல தூக்கி மாட்டினோம்னு எழுதியிருக்கியே. புதன்கிழமை முழுக்க கிரேன் ரிப்பேர்ல கிடந்துச்சே, நீ எப்படிப்பா தூக்கின?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்று முதல் அன்றன்றைக்கு எழுதினேன்.

சாண்ட்விச் படிப்பைப் பற்றி அறியாத அன்பர்களுக்காகச் சில வரிகள். தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளில் இது மூன்றரை ஆண்டுப் படிப்பு. இடையில் ஆறு மாதம், முடிவில் ஆறு மாதம், ஆக மொத்தம் ஓராண்டு தொழிற்சாலையில் கழியும். அந்த ஓராண்டுக்கும் மதிப்பெண் உண்டு. டைரி, பயிற்சி அறிக்கை, தொழிற்சாலை அதிகாரியின் கருத்து, இறுதியில் நேர்முகத் தேர்வு எல்லாம் சேர்ந்துதான் அந்த மதிப்பெண். படிப்பையும் வேலையையும் இப்படி மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-ல் தொடங்கினார். நம் நாட்டில் பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1973-ல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கியது. அங்கே டைரி, செமினார், குழு விவாதம், அறிக்கை என்று பல வகையிலும் மாணவனை எடை போடுகிறார்கள்.

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டம் முதலில் தொழிலாளர் பயிற்சிக்காக வந்தது. 1973-ல் செய்த திருத்தத்தில் இன்ஜினியரிங் பட்டமும் டிப்ளமாவும் பெற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். அந்த விதிகளின்படி இவர்கள் தினமும் செய்த வேலையை டைரியில் எழுத வேண்டும். கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னையில் இருக்கிறது, கர்நாடகமும் அதன் கீழ்தான் வருகிறது. ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் பக்கம் நிறைந்திருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்பதோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது.

கெமிக்கல் படிக்கும் பிள்ளைக்கு இது போதாது என்பது என் கருத்து. ரயில் பெட்டியில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும். மூடிய பாத்திரத்துக்குள் நடப்பதை மீட்டரின் எண்கள்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் தனியாக நின்றால் ஊமைதான். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் 610-ஆம் எண் தொட்டியின் அழுத்தம் 10.20 மணிக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. நடுவில் ஷிப்ட் மாறியது. 11 மணிக்கு 10 பவுண்டு. 2 முதல் 25 வரை வழக்கமான அளவு என்பதால் 10 யாருக்கும் பெரிதாகப் படவில்லை. சற்று நேரத்துக்கு முன் 2 இருந்ததே என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். விபத்துக்கு வேறு பல பெரிய காரணங்களும் உண்டு, அது தனிக் கதை.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, "தினமும் நாலு வரி போதும்மா. இன்னிக்கு நீயே பார்த்த ஒரு எண், நேத்து அது எவ்வளவு, ஏன் மாறிச்சு, உனக்குப் புரியாதது எது. இது போதும்" என்றேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். முகம் வாடியிருந்தது. அங்கே ஆல்கைட் ரெசின் காய்ச்சுகிறார்கள், பெயின்டுக்குப் போவது. எண்ணெய், கிளிசரின், தாலிக் அன்ஹைட்ரைடு சேர்த்து 230, 240 டிகிரியில் பல மணி நேரம் வேக வேண்டும். வெளியேறும் தண்ணீரைப் பிரித்தெடுத்துக்கொண்டே, அவ்வப்போது சாம்பிள் எடுத்து அமில அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கெட்டிலின் மேலிருந்த டயலில் இவள் பார்த்தது 228. அதே நேரத்துக்கு லாக் ஷீட்டில் எழுதியிருந்தது 235.

"பொய் எழுதுறாங்க தாத்தா. நான் டைரியில எழுதினா கையெழுத்துப் போட மாட்டாங்க. மார்க் போயிடும். அப்பா வாங்கின கடன் வேற இருக்கு."

எனக்கும் ஒரு கணம் தயக்கம்தான். பேசாமல் விட்டுவிடு என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, "பொய்னு எழுதாதே, அது உனக்குத் தெரியாது. 'பதினோரு மணிக்கு டயலில் 228, ஷீட்டில் 235. காரணம் கேட்க வேண்டும்' அப்படின்னு மட்டும் எழுது. எழுதினதைக் காட்டி, ஷிப்ட் இன்ஜினியர்கிட்ட மரியாதையா கேளு" என்றேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஊரான் பிள்ளைக்கு யோசனை சொல்லிவிட்டோமே என்றிருந்தது.

மறுநாள் நடந்ததை அவளே வந்து சொன்னாள். ஷீட்டில் எழுதுவது கன்ட்ரோல் பேனலில் காட்டும் வெப்பம். டயல் தெர்மாமீட்டர் வேறு குழாயில் செருகியது. அந்தக் குழாய்க்குள் வெப்பம் கடத்துவதற்காக நிரப்பியிருந்த எண்ணெய் வற்றிப்போய் டயல் குறைத்துக் காட்டியிருக்கிறது. ஆக, ஷீட் சரி, டயல்தான் தவறு. ஆனால் அதே பக்கத்தைப் புரட்டிய இன்ஜினியர், பன்னிரண்டு மணிக் கட்டத்தைப் பதினொன்றரைக்கே ஆபரேட்டர் நிரப்பி வைத்திருந்ததையும் பார்த்துவிட்டார். அவருக்கு அங்கேயே பாட்டு விழுந்ததாம். இவள் டைரியில் கையெழுத்தும் விழுந்தது. ஆபரேட்டர் அண்ணன் ஒரு வாரம் இவளோடு பேசவில்லை. பிறகு அவரேதான் சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

நேர்முகத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அழகாக பைண்டு செய்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு டைரியைப் புரட்டினாராம். 228, 235 என்று எழுதிய பக்கத்தில் நின்றவர், இருபது நிமிடம் அதை வைத்தே கேட்டிருக்கிறார். தெர்மாமீட்டரை நேராக உள்ளே விடாமல் குழாயில் ஏன் விடுகிறார்கள், டயலை நம்பித் தீயைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும், எந்தக் கருவியை நம்புவது என்று எப்படி முடிவு செய்வாய் என்று. ஒரு கேள்விக்கு மட்டும் விழித்தாளாம்.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். வேதியியல் தெரியாவிட்டாலும் ஞாயிறு மாலை அந்த நோட்டை வாங்கிப் பெற்றோர் பார்க்கலாம். எண்கள் இருக்கின்றனவா, கேள்விகள் இருக்கின்றனவா, எல்லாப் பக்கமும் ஒரே மையில் இருக்கிறதா என்று பார்க்க டிப்ளமா எதுவும் வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் வேலை. அங்கே டைரி எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லையாம். ஆனாலும் புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை.