நடு ஏரி சுத்தம்... கரையில் ஆபத்து! பைக்கால் ஏரியைக் காட்டிக்கொடுத்த பாசி

பள்ளி உயிரியல் நோட்டில் ஸ்பைரோகைரா படம் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? நீளமான இழை, உள்ளே ரிப்பன்போலச் சுருண்ட பச்சைப் பட்டை. அந்தச் சாதாரணப் பாசிதான், உலகின் மிக ஆழமான ஏரிக்கு வந்த ஆபத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் பைக்கால் ஏரியின் ஆழம் 1,642 மீட்டர். பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் சுமார் 20 சதவிகிதம் இங்கேதான் உள்ளது. 1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யக் களமாக அறிவித்தது.

மூன்று தலைமுறைக் கண்காணிப்பு

1945-ல் மிகைல் கொஸோவ் என்ற விஞ்ஞானி, கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் உள்ளே சென்று ஏரி நீரைத் தொடர்ந்து சோதிக்கத் தொடங்கினார். அவருக்குப் பிறகு மகள் ஓல்கா, அடுத்து பேத்தி லியுபோவ் என அந்தப் பணி தொடர்ந்தது. குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துக்கூட நீர் எடுத்தார்கள்.

ஏரி சூடாகி வருவதை அந்தப் பதிவுகள் காட்டின. ஆனால், கழிவுநீரால் கெட்டுப்போகிறது என்பதற்கு நடு ஏரியில் தடயம் இல்லை. தடயம் கரையில் இருந்தது!

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கரையோரப் பாறைகளில் ஸ்பைரோகைரா அடர்த்தியாகப் படர்வதை ஆய்வாளர்கள் கண்டார்கள். சுற்றுலாத் தலமான லிஸ்ட்வியங்கா, வடகரை நகரமான செவெரோபைகால்ஸ்க் போன்ற இடங்களுக்கு அருகே அது அதிகம். சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரே முக்கியக் காரணம் என்றார்கள். அதே காலத்தில், நீரை வடிகட்டி வாழும் பைக்கால் பஞ்சுயிரிகள் நோயுற்று இறப்பதும் தெரியவந்தது.

பாசி எப்படிச் சாட்சி சொல்கிறது?

பாட்டிலில் பிடித்த நீர், அந்த நிமிடத்தின் கதையை மட்டுமே சொல்லும். நேற்று ராத்திரி கழிவு கலந்து, விடிவதற்குள் அடித்துச் செல்லப்பட்டிருந்தால் பாட்டிலுக்குத் தெரியாது. கல்லில் ஒட்டிய பாசியோ எங்கும் நகர முடியாது. பல வாரங்களாகத் தன்மேல் பாய்ந்த நீரையே உண்டு வளர்ந்திருக்கும். கழிவிலிருக்கும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் நடு ஏரிக்குப் போகுமுன் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் நடுவில் சோதித்தால் எல்லாம் நல்லபடியாகத் தெரிகிறது.

சோதனையும் எளிமையாகத்தான் தொடங்குகிறது. கல்லை எடுத்து, குறிப்பிட்ட பரப்பளவை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து, வரும் பாசியைச் சேகரிக்கிறார்கள். எடையும் பச்சையத்தின் அளவும் பார்த்தால் எவ்வளவு பாசி என்று தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் என்னென்ன பாசி என்று தெரியும். டயட்டம் என்ற நுண்பாசிகளுக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு உண்டு. சில டயட்டம்கள் தூய நீரில்தான் வாழும். சில, கழிவுநீரிலும் தாக்குப்பிடிக்கும். ஓடுகளை எண்ணினாலே நீரின் தரம் புரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ம் ஆண்டு நீர்ச் சட்டமும், ஏரிகளை மதிப்பிட ஒட்டுப்பாசிகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

பச்சை என்றாலே கெடுதலா?

இல்லை. பைக்கால் கரையோரக் கற்களில் கோடைதோறும் யூலோத்ரிக்ஸ் என்ற பச்சைப்பாசி வளர்வது காலகாலமாக நடப்பதுதான். கல்லில் இருக்கும் மெல்லிய வழவழப்பு, நத்தைகளுக்கும் பூச்சிகளுக்கும் சாப்பாடு. பழைய பாசியின் இடத்தைப் புதிய பாசி பிடிக்கும்போதும், அது அளவு மீறிப் படரும்போதும்தான் கவலைப்பட வேண்டும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கரையில் பாசி எச்சரிக்கும்போதே கழிவுநீரைத் தடுத்தால், நடு ஏரியைக் காப்பாற்றிவிடலாம். நடு ஏரியும் பச்சையாகும்வரை காத்திருந்தால், அவ்வளவு பெரிய ஏரியை யாரால் சுத்தம் செய்ய முடியும்?