தோட்டத்து முழங்காலும் சொக்சோ மேல்முறையீடும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தெனமாரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட செம்பனைகளே மலேசியாவின் வணிகச் செம்பனைப் பயிரிடலுக்குத் தொடக்கமாயின. நூறாண்டுகள் கடந்த பின்னும் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அந்த வேலையின் அடிப்படை பெரிதாக மாறிவிடவில்லை. நீண்ட கம்பின் முனையில் பூட்டிய அரிவாளால் குலையை அறுத்து, தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரம் சேர்ப்பவரும், மரத்தடியில் குந்தியமர்ந்து உதிரிப் பழம் பொறுக்குபவரும் தம் முழங்கால்களையே முதலாகப் போட்டு உழைக்கின்றனர்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் உரசாமல் இருப்பதற்காக அவற்றின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பும், இடையே பிறை வடிவ மெத்தை போன்ற இரு குருத்துகளும் அமைந்துள்ளன. பாரத்தோடு வடிகால் பலகையில் கால் சறுக்கி முழங்கால் திருகிக்கொண்டால் அந்தக் குருத்தோ மூட்டைப் பிணைக்கும் நாரோ ஒரு நொடியில் கிழிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் குந்தி எழுந்து பாரம் சுமந்தாலோ, எந்த ஒரு நாளையும் குறித்துச் சொல்ல முடியாதபடி, குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறது. இரண்டிலும் நோவு ஒன்றுதான் என்றாலும், இழப்பீட்டுச் சட்டம் இவ்விரண்டையும் வேறு வேறாகவே பார்க்கிறது. தொழிலாளர்களின் மனுக்கள் சிக்கலுக்குள்ளாவதற்கு இந்த வேறுபாடே பெரும்பாலும் காரணம்.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் செயல்படத் தொடங்கிய அமைப்பே, தோட்ட மக்கள் சொக்சோ என்றும் அரசு ஏடுகள் பெர்க்கேசோ என்றும் குறிப்பிடும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தை, மாறான சான்று இல்லாதவரை, வேலையால் விளைந்த விபத்தாகவே சட்டம் கொள்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். தொழில்நோய்களுக்கென உள்ள தனி அட்டவணையில், நெடுநாள் அழுத்தத்தாலும் உராய்வாலும் முழங்காலைச் சுற்றி ஏற்படும் அழற்சியும் வீக்கமும் இடம்பெறுகின்றன. ஆனால் முதுமையிலும் வரக்கூடிய மூட்டுத் தேய்மானத்தை வேலையின் விளைவென்று நிறுவுவது கடினம். பிரிட்டனில்கூட, நிலத்தடியில் மொத்தம் பத்தாண்டுகளேனும் உழைத்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுத் தேய்மானம் 2009இல்தான் தொழில்நோயாக ஏற்கப்பட்டது. செம்பனைக்காட்டில் அதே அளவு காலம் குந்தி உழைத்தவருக்கும் அத்தகைய ஏற்பு உரியதே.

சிகிச்சை முடிந்த பின் நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவ வாரியம் விழுக்காட்டில் மதிப்பிடுகிறது. துண்டிக்கப்பட்ட உறுப்புக்குச் சட்டத்தின் அட்டவணையே விழுக்காட்டைக் குறித்துவிடுகிறது. துண்டிக்கப்படாமல், மடக்கவும் நீட்டவும் முடியாமற்போன முழங்காலுக்கு மருத்துவரின் மதிப்பீடே எல்லாம். சராசரி நாள் ஊதியம் 50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், முழு ஊனத்துக்கு அதில் 90 விழுக்காடாகிய 45 ரிங்கிட் நாளொன்றுக்குக் கிடைக்கும். 10 விழுக்காட்டு மதிப்பீட்டுக்கு 4 ரிங்கிட் 50 சென்னும், 25 விழுக்காட்டுக்கு 11 ரிங்கிட் 25 சென்னும் ஆகும். 20 விழுக்காடு வரையிலான ஊனத்துக்குரிய பணம் முழுவதையும் ஒரே தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே அவ்வாறு பெற முடியும், எஞ்சியது வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும். பழைய கடனை அடைத்தவுடன் கரைந்துபோகும் தொகைக்கும் சாகும்வரை வரும் மாதப் பணத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணிப் பார்த்தால், சில விழுக்காடுகளுக்காக மேல்முறையீடு செய்வதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு; வழி மாறிப் போனால் காலம் வீணாகும். விழுக்காடு குறைவு என்பது மருத்துவக் கேள்வியாதலால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை நாட வேண்டும். நேர்ந்தது வேலை விபத்தே அல்ல என்றோ, மனுதாரர் காப்புறுதி பெற்ற தொழிலாளியே அல்ல என்றோ நிறுவனம் மறுத்தால், அதைத் தீர்ப்பது சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். அதன் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டுமானால், சட்டம் பற்றிய கேள்வி ஒன்று அதில் அடங்கியிருக்க வேண்டும்.

எந்த வழியில் சென்றாலும் வழக்கின் வலிமை பெரும்பாலும் விபத்து நடந்த அன்றே தீர்மானமாகிவிடுகிறது. ‘சாக்கிட் லுத்துட்’, அதாவது முழங்கால் வலி, என்ற இரண்டு சொற்களை மட்டும் தாங்கிய எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டு, ஈராண்டு கழித்து வாரியத்தின் முன் எதையும் மெய்ப்பிக்காது. எந்த நிரையில், என்ன பாரத்தோடு, எப்படிச் சறுக்கி விழுந்தார் என்று தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசரின் ஏட்டிலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையின் முதல் பதிவிலோ எழுதப்பட்டிருந்தால் அதுவே சான்றாக நிற்கும். வலி மிகுதி என்று முறையிடுவதைவிட, முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, குந்த முடிகிறதா, நிரைகளுக்கிடையே தள்ளுவண்டியைத் தள்ள முடிகிறதா என்பவற்றை எலும்பியல் மருத்துவரின் அறிக்கையில் இடம்பெறச் செய்வது பயன் தரும். மேசையில் அமர்ந்து தீர்ப்பளிப்பவர் செம்பனைக்காட்டு வேலையைக் கண்டிராதவராக இருக்கலாம். வேலை எத்தகையது என்பதை அவருக்கு அந்த அறிக்கைதான் காட்ட வேண்டும்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்த தமிழர் பலர், சொக்சோ சந்தா கட்டப்படவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டால் அதையே இறுதி என்று நம்பிவிடுகின்றனர். சட்டப்படி, எவருக்காகச் சந்தா செலுத்தப்பட வேண்டியிருந்ததோ அவர் காப்புறுதி பெற்றவரே. முதலாளி கட்டத் தவறியதற்காக விபத்துக்குள்ளானவரின் வேலைக் காய உரிமை பறிபோவதில்லை. சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் வங்கிக் கணக்குப் பதிவும் துணை நிற்கும்.

விபத்து என்று காட்ட முடியாத தேய்மானத்துக்கு மற்றொரு வாசல் உண்டு. குணமாக வாய்ப்பில்லாத நிலையான நோயால், நலமான தொழிலாளி வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவருக்கு, 60 வயதை எட்டுமுன் விண்ணப்பித்துப் போதிய மாதங்கள் சந்தாவும் செலுத்தியிருந்தால், இயலாமை ஓய்வூதியம் உண்டு. நோய் வேலையால் வந்ததா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை.

முன்பே மதிப்பிடப்பட்ட ஊனம் எதிர்பாராத அளவுக்கு முற்றிவிட்டால், அந்த மதிப்பீட்டை மறுஆய்வு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆதலால், குருத்துக் கிழிந்தபோது குறைந்த விழுக்காடு பெற்றவர் பிற்காலத்தில் அதே மூட்டு தேய்ந்து அறுவைச் சிகிச்சையை எதிர்கொள்ளும்போது, பழைய முடிவுக் கடிதத்தையும் புதிய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குத் திரும்பவும் செல்லலாம்.