தோரணத்தில் ஒரு குடித்தனம்

வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தின் ஓரத்தில் காய்ந்த புல்லும் சிலந்தி வலையும் சேர்ந்திருப்பதை முதலில் பார்த்தவர் அம்மா. "போன தீபாவளிக்கு மாட்டியது. ஒரே குப்பை. கழற்றிப் போடுப்பா" என்றார். தங்கைக்கு நிச்சயதார்த்தம். மூன்று வாரம்தான் இருந்தது. சிராங்கூன் சாலைக்குப் போய்ப் புதுத் தோரணமும் வாங்கியாகிவிட்டது. நாற்காலி போட்டு ஏறிய பிறகுதான் அந்தக் 'குப்பை'க்குள்ளிருந்து மெல்லிய வளைந்த அலகு ஒன்று எட்டிப் பார்த்தது.

படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் அத்தை மகன் உடனே, "ஹம்மிங்பேர்ட்!" என்றார். அந்தப் பாலைவன ஊரில் அவர் வீட்டுக் கொல்லைக்கு அன்னா, கோஸ்டா என்ற வகைகள் சீனித் தண்ணீர் குடிக்க வருமாம். இங்கேயும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் வாசலுக்கு வருவது தேன்சிட்டு. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. பூவில் தேன் குடிக்கும் பிழைப்பு ஒன்று என்பதால் சாயல் ஒத்துப்போகிறது. ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டு சில விநாடி படபடத்தாலும் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

பாசிர் ரிஸ் வட்டாரத்தில் அடையாளம் காணத் தொண்டையைப் பார்த்தால் போதும். கருநீலமாக மின்னும் தொண்டை, மஞ்சள் வயிறு என்றால் அது ஆண் ஆர்னேட் தேன்சிட்டு. பழைய கையேடுகளில் இதை ஆலிவ்-பேக்ட் என்பார்கள். பெண்ணுக்குக் கீழ்ப்பகுதி முழுவதும் மஞ்சள். வீவக தாழ்வாரங்களில் கூடு கட்டுவது பெரும்பாலும் இந்த வகைதான். சற்றுப் பெரிதாக, சிவந்த கண்ணோடு வந்தால் பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு. தலையும் மார்பும் செக்கச் சிவந்திருந்தால் ஆண் செந்தேன்சிட்டு. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2002ல் நடத்திய வாக்கெடுப்பில் தேசியப் பறவையாகத் தேர்வானது அதுதான்; அதிகாரபூர்வ அங்கீகாரம் மட்டும் இல்லை. செம்புத் தொண்டைத் தேன்சிட்டைப் பார்க்க பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் நடக்க வேண்டும்.

எங்கள் கூட்டைக் கட்டியவள் பெண் பறவை. சுரைக்குடுக்கை போன்ற பை, பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சின்னத் தாழ்வாரம், கீழே தொங்கும் வால். எல்லாவற்றையும் ஒட்டவைத்த பசை சிலந்தி வலை. உட்புற அலங்காரத்துக்கு நாங்கள் செலவழித்ததை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பொதுவாக இரண்டு முட்டை. அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். கணக்குப் போட்டால் நிச்சயதார்த்தத்தைத் தாண்டியது. "பழைய தோரணத்தோடு சம்பந்தி வீட்டாரை வரவேற்பதா?" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் புதுத் தோரணம் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஏறியது. வாசலுக்கு வாங்கிய மின்விளக்குச் சரமும் சன்னலுக்கு மாறியது.

தாழ்வாரத்தில் மாட்டியிருந்த கண்ணாடியையும் எடுத்துவிட்டோம். ஆண் பறவை அதில் தெரியும் தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருந்தது. கார்களின் பக்கக் கண்ணாடிகளிலும் இந்தச் சண்டையைப் பார்க்கலாம்.

அரிசோனாக்காரர் போலச் சீனித் தண்ணீர் வைக்கலாமா என்று தங்கை கேட்டாள். கூடாது. வனவிலங்குகளுக்கு அனுமதியின்றி உணவளிப்பது 2020 ஜூன் முதல் தீவு முழுவதும் குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பூச்செடி போதும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் தொட்டியிலேயே நன்றாக வரும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எங்களுடையது ஒடுங்கிய தாழ்வாரம் என்பதால் இரண்டு தொட்டிகளைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று கூட்டு வாசலில் இரண்டு வாய்கள் திறந்திருந்தன. வெள்ளித் தட்டோடு வந்த சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். தட்டைத் தாழ்த்தி, தலையையும் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் வந்தவர்களும் ஏன் என்று கேட்காமல் அப்படியே குனிந்தார்கள். புகைப்படக்காரருக்குத்தான் ஃபிளாஷ் போட வேண்டாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு நாள் கழித்துக் கூடு காலி. தோரணத்தைக் கழற்ற அம்மா இன்னும் நாற்காலி கேட்கவில்லை.