ஐந்தாம் கியர்

கொங்கு நாட்டுச் சந்தைகளுக்கெல்லாம் மாட்டு வண்டிகளே சுமை கொண்டு சென்ற காலம் ஒன்று உண்டு. மேடு வந்ததும் மாடுகள் தாமாகவே நடையைக் குறுக்கிக்கொள்ளும். கழுத்தை முன்னே சாய்த்து, அடிமேல் அடி வைத்து இழுக்கும். சமநிலம் வந்ததும் நடை நீளும். சுமைக்கும் நிலத்துக்கும் ஏற்ப வலிமையையும் விரைவையும் மாற்றிக்கொள்ளும் அறிவு அவற்றின் கால்களிலேயே இருந்தது.

மோட்டார் எஞ்சினுக்கு அந்த அறிவு இல்லை. நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்னும் ஓர் எல்லைக்குள் சுழலும்போதுதான் அது நன்றாக இழுக்கும். அதற்குக் குறைந்தால் திணறி நின்றுவிடும். ஆதலின் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே கியர்ப் பெட்டி ஒன்று வைக்கப்படுகிறது. பதினைந்து பற்களையுடைய சிறிய சக்கரம் நாற்பத்தைந்து பற்களையுடைய பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், சிறியது மூன்று முறை சுற்றும்போது பெரியது ஒரு முறையே சுற்றும். விரைவு மூன்றில் ஒன்றாகக் குறையும். திருகுவலிமை ஏறத்தாழ மும்மடங்காகும். மேட்டில் மாடு செய்வதும் இதுவே.

இதனைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? திருப்பூர்ப் பக்கத்தில் கதர் நூற்ற வீடுகளில் இருந்த இராட்டையே அதற்கு விடை. பெரிய சக்கரம் மெல்ல ஒரு முறை சுற்ற, சிறிய கதிர் பல முறை சுற்றும். கை சிறிதே அசைகிறது, கதிரோ பறக்கிறது. ஆனால் அக்கதிரை ஒரு விரலால் நிறுத்திவிடலாம். விரைவு கூடிய அளவுக்கு வலிமை குறைந்துவிட்டது. கியர்ப் பெட்டிக்குள் அமைந்த இந்த இராட்டையைத்தான் ஓவர்டிரைவ் என்கிறார்கள். எஞ்சின் சுற்றுவதைக் காட்டிலும் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு அதிகமாகச் சுற்றும் நிலை அது.

மகீந்திரா நிறுவனம் 1960களில் எஃப்.சி. 150 என்னும் பிக்கப் வண்டியை நம் நாட்டில் செய்தது. ஓட்டுநர் முன்னச்சின் மேலேயே அமர்ந்திருக்கும், மூக்கில்லாத முகங்கொண்ட வண்டி அது. ஜீப்பின் எஞ்சினும் அதன் மூன்று கியர்ப் பெட்டியுமே அதற்கும் வாய்த்தன. முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.8, இரண்டாவது 1.55, மூன்றாவது நேர்விகிதம், அதாவது 1. ஓவர்டிரைவ் இல்லை. டிஃபரன்ஷியல் எனப்படும் அச்சுப் பெட்டியின் விகிதம் 5.38. சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் ஐந்து முறைக்கு மேல் சுற்ற வேண்டும். கரடுமுரடான வழிகளில் மெல்லச் செல்லப் பிறந்த வண்டிக்கு அது குறையன்று.

இன்று அவ்வண்டி சேலத்திலிருந்து கோவைக்கு வரும் அகன்ற நெடுஞ்சாலையில் ஓடினால் நிலைமை வேறு. சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் உருளும் எனக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,870 முறை சுற்றுகிறது. அதே வேகத்தில், 0.8 விகிதமுள்ள ஐந்தாம் கியரில் 2,300 முறை சுற்றினால் போதும். கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அத்தொலைவைக் கடக்க முன்னதில் ஏறக்குறைய 12 இலட்சம் சுற்றுகள் வேண்டும். பின்னதில் 2 இலட்சத்து 40 ஆயிரம் சுற்றுகள் மிஞ்சும். தேய்மானம் குறையும், இரைச்சல் அடங்கும், பெட்ரோலும் ஓரளவு மிச்சமாகும். பழைய வண்டியைப் போற்றி வைத்திருப்போர் சிலர் ஐந்து கியர்ப் பெட்டியை நாடுவது இதனால்தான். ஆனால் ஐந்து கியர் உள்ள பெட்டிகள் எல்லாவற்றிலும் ஓவர்டிரைவ் இராது. சில சுமை வண்டிகளில் ஐந்தாம் கியரே நேர்விகிதமாக இருக்கும். பற்களை எண்ணாமல் பெட்டியை வாங்கியவர் பணத்தை இழந்தவராவார்.

பெட்டியை மாற்றுவது சட்டை மாற்றுவது போன்றதன்று. எஞ்சினின் பின்புறத்து மணிபோன்ற கூட்டில் உள்ள துளைகள் புதிய பெட்டியின் துளைகளோடு பொருந்தமாட்டா; இடையே தடித்த உலோகத் தகடு ஒன்று கடைந்து வைக்க வேண்டும். கிளட்சுத் தட்டின் நடுவிலுள்ள வரிப்பற்கள் புதிய தண்டின் வரிப்பற்களோடு இணைய வேண்டும். தண்டின் முனை ஃபிளைவீலின் நடுவிலுள்ள சிறு தாங்கியில் சரியாக அமர வேண்டும். எஞ்சினின் மையக்கோடும் பெட்டியின் மையக்கோடும் மயிரிழை விலகினாலும் வண்டி அன்று ஓடும். சில மாதங்களில் தாங்கிகள் அலறும். இதனை அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டுமேயன்றிக் கண்ணால் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. புதிய பெட்டி நீளமாக இருந்தால் அச்சுக்குச் செல்லும் தண்டை வெட்டிக் குறுக்கிப் பற்றவைத்து, சுழற்சியில் அதிராதவாறு எடைச் சமன் செய்தாக வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியானால், முன்னச்சுக்கு ஆற்றலைப் பிரித்தனுப்பும் துணைப்பெட்டியையும் புதிய இடத்தில் பொருத்த வேண்டும். வேகமானியை ஓட்டும் சிறு பல்சக்கரத்தை மறந்தால் முள் பொய் சொல்லும்.

இத்தகைய வேலைக்குக் கோவை ஏற்ற ஊராக அமைந்தது தற்செயலன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை நிறுவியதிலிருந்து அங்கே பற்களும் தாங்கிகளும் தேய்ந்துகொண்டே இருந்தன. அவற்றைச் செப்பனிடும் கைகளும் பழகிக்கொண்டே வந்தன. 1920-இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்த யு.எம்.எஸ். நிறுவனம் பேருந்துத் தொழிலில் பெரும் பெயர் பெற்றது. பின்னர்ச் சிங்காநல்லூரில் சாந்தி கியர்ஸ் என்னும் பல்சக்கரத் தொழிற்சாலையும் தோன்றியது. லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒருவரிடம் தகட்டின் அளவைச் சொன்னால், அது எதற்கு என்று அவர் கேட்கவே வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையில் கிடைத்த நன்மை மலையிலும் கிடைக்குமா? ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பழைய பெட்டியின் முதல் கியருக்கு வேக இசைவு வளையம் கிடையாது. வண்டி ஏறக்குறைய நின்றபின்னரே அது இரைச்சலின்றி விழும். புதிய பெட்டிகளில் முன்செல்லும் கியர்கள் அனைத்திற்கும் அவ்வளையம் உண்டு. அதன் முதல் கியர் 3.9 எனக் கொண்டால், அச்சுவிகிதத்தோடு பெருக்க 21 வருகிறது. பழையதில் 15 தான். ஏறுவதற்கு இது நல்லது.

இறங்குவதில்தான் இடர் இருக்கிறது. ஐந்தாம் கியரில் சரிவிறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது. சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பழைய டிரம் பிரேக்குகள் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் இளையோர்க்குச் சொல்வது இதனால்தான். சமவெளியிலும் ஒரு மயக்கம் உண்டு. இரைச்சல் அடங்கியதும் வண்டி மெதுவாகப் போவதாகத் தோன்றும். கால் தானாக அழுத்தும். ஐந்தாம் கியர் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க வந்தது. அச்சும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அன்று செய்யப்பட்டவையே. மறுபுறம், அந்த எஞ்சினின் திருகுவலிமை ஏறத்தாழ 2,000 சுற்றில்தான் உச்சமடைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே ஐந்தாம் கியரைப் போட்டால் எஞ்சின் முனகும். மிஞ்சிய பெட்ரோலும் மீண்டும் செலவாகும்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எல்லை வகுத்துள்ளது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது முறை. பழமையைப் பேணுவோர் இன்னொன்றும் செய்வர். சட்டகத்தை அறுக்காமல், திருகாணிகளால் மட்டுமே புதிய தாங்குசட்டத்தைப் பொருத்துவர். கழற்றிய மூன்று கியர்ப் பெட்டியை எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, பட்டறையின் மூலையில் வைத்திருப்பர். வேண்டும்போது ஒரு நாள் வேலையில் வண்டி மீண்டும் பழைய வண்டியாகிவிடும்.