லிஸ்டுக்குள் லிஸ்ட்

மழை அளவுகளை ஆராயும் மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இணையத்திலிருந்து இறக்கும் தரவு ஆர் (R) நிரல்மொழியில் லிஸ்டுக்குள் லிஸ்டாக வந்து நிற்கிறதாம். மழை எண்களை மட்டும் உருவி ஒன்றாகச் சேர்க்க எது நல்ல வழி என்று கேட்கிறார்.

லிஸ்ட் எண்ணையும் எழுத்தையும் இன்னொரு லிஸ்டையும் பேதமின்றி ஏற்கும். எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். லிஸ்டை அஞ்சறைப்பெட்டி என்று வைத்துக்கொண்டால், ஒற்றைச் சதுர அடைப்பு கடுகைக் கிண்ணத்தோடு தரும். இரட்டை அடைப்பு கடுகை மட்டும் தரும்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம், அந்த இரட்டை அடைப்பே ஒரு ஃபங்ஷன் என்பது. 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆர் மொழியை உருவாக்கியபோது, ஸ்கீம் மொழியிலிருந்தும் சில கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஆர் மொழியில் ஃபங்ஷனை ஒரு மதிப்பைப் போலவே இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். லேப்ளை (lapply) என்ற ஃபங்ஷனிடம் லிஸ்டையும் இரட்டை அடைப்பையும் 'மழை' என்ற பெயரையும் கொடுத்தால் போதும், மழை அளக்கும் ஒவ்வொரு நிலையத்தின் லிஸ்டிலும் நுழைந்து எண்ணை எடுத்து வந்துவிடும். என்ன அழகான ஏற்பாடு!

அடுத்துப் பலர் அன்லிஸ்ட் (unlist) போட்டு எல்லாவற்றையும் ஒரே வெக்டராக்கிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நான்கு நிலையங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 12 மில்லிமீட்டர், மூன்றாவதில் 7. மற்ற இரண்டிலும் பதிவே இல்லை. அங்கே கிடைப்பது எதுவுமில்லை என்று பொருள்படும் நல் (NULL). அன்லிஸ்ட் நல்லைச் சத்தமில்லாமல் உதறிவிடும். மிஞ்சுவது 12, 7 இரண்டுதான். இவற்றை நான்கு நிலையப் பெயர்களோடு டேட்டா ஃபிரேம் என்ற அட்டவணையில் சேர்த்தால், நான்கு இரண்டால் மீதியின்றி வகுபடுவதால், 12, 7, 12, 7 என்று அதுவே நிரப்பிக்கொள்ளும். பிழைச்செய்தியும் வராது, எச்சரிக்கையும் வராது. அளக்கவே அளக்காத ஊரில் மழை பெய்ததாகிவிடும். அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவர் முடிவெடுப்பார். இதை அலட்சியமாக விடுவது ஆராய்ச்சிக்கே துரோகம்.

லேப்ளை, அன்லிஸ்ட் இரண்டுக்கும் பதிலாக வேப்ளையைப் (vapply) பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரே ஓர் எண் வரவேண்டும் என்று அதனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நல் வந்தால் அங்கேயே நின்று, எத்தனையாவது இடத்தில் சிக்கல் என்றும் காட்டும். அங்கே பதிவு இல்லாதது உண்மையானால், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் என்ஏ (NA) என்று நிரப்புங்கள். பூஜ்யம் போடாதீர்கள், மழை பெய்யவில்லை என்பது வேறு, அளக்கவில்லை என்பது வேறு.

பழைய நிரல்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அன்லிஸ்ட் வரும் ஒவ்வோர் இடத்திலும், உள்ளே போன உறுப்புகளும் வெளியே வந்த மதிப்புகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு மேற்கொண்டு கணக்கிடுங்கள்.