திருப்பிச் சொல்ல முடியாத ‘நீ’

காய்கறி விற்க வரும் மூதாட்டியிடம், ‘பாட்டி, கத்திரிக்காய் என்ன விலை சொல்ற?’ என்று இளைஞர் ஒருவர் கேட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை. உறவுமுறை வைத்துத்தானே கூப்பிடுகிறார் என்போம். அதே வயதுப் பாட்டி காரிலிருந்து இறங்கி வந்தால் ‘சொல்றீங்க’ தானாக வந்துவிடுகிறது. ஆக, தமிழில் மரியாதை உறவுப் பெயரில் இல்லை, வினையின் விகுதியில் இருக்கிறது. ‘நீ’ என்பது நெருக்கத்தின் சொல், அதில் என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கப் புலவர்கள் மன்னர்களையே ‘நீ’ என்றுதான் விளித்தார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வதை, உயர்வு கருதி வழக்கில் வந்த சொல்லாகத்தான் தொல்காப்பியம் குறிக்கிறது. தாயையும் தெய்வத்தையும் இன்றும் ‘நீ’ என்கிறோம். ஆகவே சொல்லின் மேல் பழியில்லை. கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி. நண்பர்களுக்குள் முடியும். பண்ணையார் வீட்டுச் சிறுவன் ‘வாடா’ என்றழைத்த முதியவர், பதிலுக்கு ‘சின்னய்யா’ என்றுதானே சொல்ல வேண்டியிருந்தது? கணவர் ‘நீ’ என்க, மனைவி ‘ஏங்க’ என்பது இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. ஐரோப்பிய மொழிகளை ஆராய்ந்த பிரௌனும் கில்மனும் 1960-இல் சொன்னதும் இதுதான்: ஒருவழியாக நின்றால் அது அதிகாரம், இருவழியாக ஓடினால் உறவு.

பேச்சை மாற்றினால் கூலி உயருமா, சாதி போய்விடுமா என்பார்கள். போகாதுதான். ஆனால் நாள்தோறும் பலமுறை காதில் விழும் விகுதி, ஒருவருடைய இடம் எது என்பதை நாள்தோறும் பலமுறை நினைவூட்டுகிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்வோர் பெரும்பாலும் அதைக் கேட்க நேராதவர்கள். சமன் செய்ய இரண்டு வழிகள் உண்டு. கொங்கு வட்டாரத்தில் குழந்தையையும் ‘வாங்க கண்ணு’ என்பார்கள். எல்லோரையும் மேலே ஏற்றும் வழி அது. ஸ்வீடனில் மறுவழி. பட்டத்தையும் பதவியையும் சொல்லியே பேசிவந்த அந்நாட்டில், 1967-இல் அரசு மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரோர் ரெக்சட், ஊழியர் அனைவரையும் ‘நீ’ என்றே அழைப்பேன் என்றார். தம்மையும் அப்படியே அழைக்கச் சொன்னார். ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த வழக்கம் அதன்பின் நாடு முழுதும் வேகம் பிடித்தது. எந்த வழியானாலும் தொடங்க வேண்டியவர் மேலே இருப்பவர்தான். ரெக்சட் அந்த அலுவலகத்தின் தலைவர். அங்கே கடைநிலை ஊழியர் ஒருவர் முதலில் அவரை அப்படி அழைத்திருந்தால் அது சீர்திருத்தமாகவா கருதப்பட்டிருக்கும்?